வளையம் போட்ட மாப்பிள்ளை

காலை ஆறு மணி இருபது. விறாந்தைக்கு வந்ததும் நான் முதலில் கண்டது, நான் எழுதிய செய்தி ஒரு பச்சைப் பறவையின் இடுப்பில் செருகியிருந்ததை. வாய்க்கால் மதகு ஒன்று உடைந்து கிடப்பதைப் பற்றிய எட்டு வரிச் செய்தி அது. கம்பிக்கூட்டின் அடியில் எச்சம் விழுவதற்காக விரித்திருந்த பத்திரிகையை, பறவை ஓரத்திலிருந்து சொண்டால் கடித்துக் கடித்து வரி வரியாகக் கிழித்திருந்தது. கத்தரிக்கோல் போட்டது போல விளிம்பு நேராக இருந்தது. "விவசாயிகள் பெரும் சிரமத்தை" என்ற மூன்று சொற்களை இரண்டடி தூரத்தில் நின்று வாசிக்க முடிந்தது. பிறகு பறவை கூட்டிலிருந்த மரப் பெட்டிக்குள் போனது. சிரமமும் அதனோடு போனது.

அப்போது நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குக் கல்முனைப் பக்கச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரும் புயல் அடித்து மூன்றாவது வருடம். சிறுபோக வயல் முழங்காலளவு பச்சையாக நின்றது. கலியாணம் முடித்து மனைவியின் வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் அதுதான் வழக்கம். பெண் பிள்ளைக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். நான் வரும்போது கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, ஒரு சைக்கிள். மாமாவும் மாமியும் தங்கள் வீட்டை மூத்த மகளான என் மனைவிக்குக் கொடுத்துவிட்டு, பின்பக்கத்து அறைக்கு மாறியிருந்தார்கள். இளைய மகள் அவர்களோடு இருந்தாள். அவளுக்கான வீடு அதே வளவின் மேற்கு ஓரத்தில், வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழும்பிக்கொண்டிருந்தது.

இளையவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை அக்கரைப்பற்றில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனவர், ஒரு சோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்து தன் உம்மாவிடம் கொடுத்து அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பழம் வரும், புடவை வரும். பறவை வந்ததை யாரும் கேள்விப்பட்டதில்லை.

"தின்னவும் ஏலா, உடுக்கவும் ஏலா. இத வச்சு என்ன செய்யிற?" என்றார் மாமி.

"பாக்கிற உம்மா," என்றாள் இளையவள்.

அதற்கு முன் எங்கள் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி வளர்த்தவை வேறு பறவைகள். வால் நீண்டு, முதுகில் கோடு கோடாக இருக்கும் சின்னக் கிளிகள் அவை. இவற்றுக்கு வால் குட்டை. உடம்பு பச்சை, முகம் ரோசா, இடுப்பு மட்டும் கடும் நீலம். ஆண் பெண் வித்தியாசம் வெளியே தெரியாது. ஒன்றின் இடது காலில் அலுமினிய வளையம் ஒன்று இருந்தது, மற்றதற்கு இல்லை. அதை வைத்துத்தான் இது எது, அது எது என்று சொன்னோம்.

மாமா தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு சிறு பெட்டி அடிப்பித்து, முன்பக்கம் வட்டமாக ஓர் ஓட்டை போட்டு, கம்பிக்கூட்டுக்குள் வைத்தார். மேலே திறந்து மூடும் மூடி. அன்றிலிருந்து வளையம் போட்ட பறவை வேலையைத் தொடங்கியது. பத்திரிகை, தென்னோலை, வாழைச்சருகு, எது கிடைத்தாலும் கீலம் கீலமாக வெட்டும். வெட்டியதைச் சொண்டில் தூக்கிப் போகாது. தலையைத் திருப்பி இடுப்பு இறகுகளுக்குள் செருகிக்கொள்ளும். ஐந்தாறு சேர்ந்ததும் பெட்டிக்குள் போகும். போகும் வழியில் இரண்டு விழும். மற்றப் பறவை கம்பில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே ஒரு தடவை அதுவும் ஒரு கீலத்தை எடுத்துச் செருகப் பார்த்தது. கீலம் விழுந்தது. பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அதை நான் கண்டேன், ஆனால் குறித்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் வீட்டில் முடிவாகிவிட்டது. வேலை செய்வது மாப்பிள்ளை, சும்மா இருப்பது பொண்ணு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆதாரம் என்று யாராவது கேட்டிருந்தால் வாய்க்காலோரத் தென்னையைக் காட்டியிருப்பேன்.

புயல் விட்டுவைத்த தென்னைகளில் அது ஒன்று. வாய்க்காலுக்கு மேல் சாய்ந்து நின்றது. அதன் ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. எங்கள் கிணற்றடியில் நின்றால் இருபது யார் தூரம். பின்னேரங்களில் நான் அங்கே ஒரு வாங்கைப் போட்டுக்கொண்டு செய்தி எழுதுவேன். எழுதாத நேரத்தில் குருவியைப் பார்ப்பேன்.

அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. ஆண் குருவிக்குத் தலை மஞ்சள், கன்னம் கறுப்பு. பெண் மண்ணிறம். வேலை செய்வதெல்லாம் மஞ்சள் தலை. வயலில் ஒரு நெற்தாளின் ஓரத்தைக் கடித்து, அந்த நுனியைப் பிடித்துக்கொண்டே மேலே பறக்கும். தாள் ஒரு முழ நாராக உரிந்து அதோடு வரும். முதலில் ஓலை நுனியில் ஒரு முடிச்சு, பிறகு ஒரு வளையம், பிறகு வளையத்துக்கு மேல் ஒரு கூரை. கூரை தொப்பி மாதிரி வந்ததும் கட்டுவதை நிறுத்திவிடும். வாய்க்கால் ஈர மண்ணைக் கொத்தி வந்து உள்பக்கம் அப்பும். அதன் பிறகு தொப்பியில் தலைகீழாகத் தொங்கி, சிறகை அடித்து, சத்தம் போடும்.

அந்த நேரம்தான் பெண் குருவிகள் வரும். ஒவ்வொன்றாக வராமல் நாலைந்து சேர்ந்து வரும். ஒன்று பாதிக் கூட்டுக்குள் ஏறி நிற்கும். நாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும், ஆண் மிச்சத்தைக் கட்டி, கீழே நீளமாக வாசல்குழாய் இறக்கும். பிடிக்காவிட்டால் பெண் போய்விடும். ஒருத்திக்கும் பிடிக்காத பாதிக் கூடு அப்படியே காய்ந்து தொங்கும்.

"லெவல் நூல் இல்லாமக் கட்டுறான்," என்று இளையவளின் வீட்டைக் கட்டும் மேசன் வியந்தார். அவர் சொறிக்கல்முனையிலிருந்து தினமும் சைக்கிளில் வருபவர். வயல்காரரான மாமாவைப் போடியார் என்று கூப்பிடுவார். "போடியார், பூச்சு வேலையும் அவனே செய்யிறான். கையாள் கூட இல்ல."

மாமாவுக்குத் தூக்கணாங்குருவி ஆகாது. கதிர் பால் பிடிக்கும் நேரம் கூட்டமாக இறங்கும் என்பதால் அதன் பெயரைக் கேட்டாலே தட்டி விரட்டத் தகரத்தைத் தேடுவார். மாமிக்கு வேறு காரணம்.

"ஆம்புள வீடு கட்டுது. இது எங்கட ஊருக் குருவி இல்ல," என்றார். கூட்டை முடித்துக் கொடுத்த ஆண், இரண்டாம் நாள் பக்கத்து ஓலையில் புது முடிச்சுப் போடுவதைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது. "பாருங்க மருமகன், ஒருத்திய முட்டையில இருத்திப் போட்டு அடுத்தவளுக்கு அத்திவாரம் போடுறான். கேக்க ஆளில்ல."

இப்போது சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இளையவள் தையற்காரி. ஊரில் பாதிப் பெண்களின் சட்டைகள் அவள் மெஷினில் ஓடியவை. புது வீட்டில் மெஷின் வைக்க என்று ஓர் அறை இருந்தது. அந்த அறையின் மேற்குச் சுவர், வயல் பக்கம், ஜன்னல் இல்லாமல் முழுதாக எழும்பியிருந்தது. வீட்டின் அமைப்பை மாமாவும் மேசனும் மணலில் குச்சியால் கீறித் தீர்மானித்திருந்தார்கள். வீடு யாருக்காகவோ, அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்பது வழக்கமில்லை. மேசன்மார் வேலை செய்யும்வரை கலியாணப் பெண் அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது என்பதும் மாமாவின் சட்டம். அவள் கிணற்றடியில் நின்று, வெளியிலிருந்து ஓட்டைகளை எண்ணித்தான் ஒன்று குறைவதைக் கண்டுபிடித்தாள்.

பகல் சாப்பாட்டு நேரம் கேட்டாள்.

"வாப்பா, மிசின் அறைக்கு மேக்கால ஒரு ஜன்னல் வைங்க."

"மேக்கால வச்சா பின்னேர வெயில் முழுக்க உள்ளுக்குத்தான் விழும்."

"எனக்கு அந்த வெயில்தான் வேணும். காலையில நான் குசினிக்குள்ள. மிசின்ல இருக்கிற பின்னேரம்."

"லைட் போட்டுத் தாறன்."

"லைட்டில கறுப்பு நூலும் நீல நூலும் ஒரே மாதிரி வாப்பா."

"வரம்பால போறவனெல்லாம் உள்ளுக்குப் பாப்பான்."

"மாடு மேய்க்கிறவர்தான் போற. அவருக்குக் கண் தெரியா."

மனைவி சிரித்துவிட்டாள். மாமா அவளைக் காட்டினார். "உங்க ராத்தாட வீட்டில மேக்கால ஜன்னல் இரிக்கா? அவ இருக்கல்லயா?"

"ராத்தா தைக்கிற இல்லயே. வாசிக்கிற மட்டும். அதுவும் மச்சான்ட பேப்பர். அத இருட்டிலயும் வாசிக்கலாம், எல்லாம் மதகுதானே."

அது என்மேல் விழுந்த அடி. மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே விறாந்தைக் கூட்டைக் காட்டினார். வளையம் போட்டது பெட்டிக்குள் இருந்தது. மற்றது கம்பில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணப் பாரு. குடுத்த பொட்டிக்கு ஒரு வாயும் கதைக்கல்ல. அது குடும்பத்துப் பொண்ணு."

அதோடு பேச்சு முடிந்தது. சுவர் ஜன்னல் தலைக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டதென்றும் இனி உடைப்பதில்லையென்றும் சொல்லிவிட்டு மாமா எழும்பிக் கை கழுவினார். மேசன் சொன்னது சற்று வேறு. அடுத்து வரும் வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் லிண்டலுக்குக் கொங்கிறீட் போடுவது. "போட முதல் சொன்னா வெட்டித் தாறன். போட்டாப் பிறகு சுவர்ல கை வச்சா வெடிக்கும். நான் பொறுப்பில்ல."

இளையவளுக்கு இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவாக நேரம் இருந்தது. அந்தச் சுவர் மூடினால் அவள் தன் வாழ்நாள் முழுவதும் பின்னேரங்களில் லைட்டின் கீழ் நூல் பார்க்க வேண்டும். வீடு மாற்றுவது எங்கள் பெண்கள் செய்வதில்லை. கொடுத்த வீட்டில்தான் இருப்பார்கள், அதைத்தான் தங்கள் மகளுக்கும் கொடுப்பார்கள்.

அன்று பின்னேரம் அக்காவும் தங்கையும் கிணற்றடிக்கு வந்தார்கள். தென்னையில் ஒரு பெண் குருவி தொப்பிக் கூட்டுக்குள் ஏறி நாரை இழுத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா மச்சான்? பாதி கட்டக்குள்ளயே வந்து இழுத்துப் பாக்கிறா."

"ஓம்."

"ஆரும் அவவ வெக்கம் கெட்டவ எண்டு சொல்லல்ல."

"குருவிக்கு வாப்பா இல்லயே," என்றாள் மனைவி.

நான் ஒரு வழி சொன்னேன். எங்கள் ஊரில் மாமனார் ஒருவர் மகளுக்கு மறுப்பதை மருமகனுக்கு மறுக்க மாட்டார். அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் போய்வர எனக்கு அரைநாள் போதும். "மாப்புளக்கிட்ட ஒரு வார்த்த சொல்லுறன். அவர் கேட்டா மாமா நாளைக்கே உடைப்பார்."

"வேணாம் மச்சான்."

"ஏன்?"

"அவர் கேட்டு வச்சா அது அவர்ர ஜன்னல். நாளைக்கு மூடச் சொன்னா மூடவும் வேணும்."

பெண் குருவி கூட்டை விட்டுப் பறந்தது. மஞ்சள் தலை இன்னும் கொஞ்ச நேரம் தலைகீழாகத் தொங்கிக் கத்தியது.

ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நான் இந்த இரண்டு பறவைகளையும் ஒப்பிட்டு எழுதினேன். ஒன்று திறந்த வெளியில் காற்றில் தொங்க நெய்கிறது. மற்றது பொந்துக்குள் மெத்தை போடுகிறது. ஒன்று நாரைச் சொண்டில் கொண்டுவருகிறது, மற்றது இடுப்பில். ஒன்றின் ஆண் வீட்டுக்கு வீடு போகிறது. மற்றது ஒரே துணையோடு இருக்கிறது. இதுவரைக்கும் சரி. கடைசிப் பந்தியில், "ஆனால் இரண்டு இனத்திலும் வீட்டு வேலை ஆணுடையதே" என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன். கட்டுரை அப்படியே வந்தது. மாமா அதை மேசனுக்கு உரத்து வாசித்துக் காட்டினார்.

வியாழக்கிழமை பின்னேரம் நான்கரை மணிக்கு மேசன் விறாந்தைப் படியில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மாமா அசர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தார். நான் ஓர் ஓரத்தில் குறிப்புப் புத்தகத்தோடு. கூட்டுக்குள்ளிருந்து கறக் கறக் என்று சத்தம். வளையம் போட்டது பெட்டியின் இடது பக்கப் பலகையில் கால் ஊன்றி, சொண்டால் கரண்டிக்கொண்டிருந்தது. முன் ஓட்டை இருக்க, பக்கத்தில் இன்னோர் ஓட்டை. பெருவிரல் நுழையும் அளவுக்கு வந்திருந்தது.

"போடியார், உங்கட மருமகன் ஜன்னல் வெட்டுறார்," என்றார் மேசன்.

மாமா எழும்பிப் போய்ப் பார்த்துச் சிரித்தார். "வெட்டட்டும். மாப்புள கேட்டா ஜன்னல் என்ன, கதவே வச்சுக் குடுப்பன்."

உள் கதவுக்குப் பின்னாலிருந்து இளையவளின் குரல் வந்தது. "எந்த மாப்புள வாப்பா?"

"இந்தா, காலில வளையம் போட்ட இவர். இவர் கேட்டாலும் வைப்பன்!"

எல்லாரும் சிரித்தோம். மாமா அதிகம் சிரித்தார். நான் பழக்க தோஷத்தில் அதை எழுதிக்கொண்டேன். நேரமும் போட்டேன்.

சனிக்கிழமை காலை தண்ணீர் மாற்றப் போன இளையவள் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். மூடினாள். வேறு யாரையும் கூப்பிடாமல் நேரே என்னிடம் வந்தாள்.

"மச்சான், மாப்புள முட்ட போட்டிருக்கார்."

போய்ப் பார்த்தேன். என் மதகுச் செய்தியின் கீலங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு முட்டை. அதன்மேல் வளையம் போட்டது இருந்தது. என்னைப் பார்த்துச் சீறியது. எனக்கு முதலில் நினைவு வந்தது ஞாயிறு இதழின் கடைசிப் பந்தியும் அந்த அடிக்கோடும்.

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "மத்தது போட்டிருக்கும். மாப்புள காவல் இரிக்கார். முட்டையில இருக்கிறவரெல்லாம் முட்ட போட்டவரா?"

வாதத்தில் பிழை இல்லை. நானும் அதை யோசித்திருந்தேன்.

"அப்ப எப்பிடி ஏத்துக்குவீங்க?" என்றாள் இளையவள்.

"சாட்சி வேணும். சாட்சி இல்லாம ஏலா."

"எத்தின சாட்சி?"

"நிக்காஹ்வுக்கு எத்தின?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டு."

திங்கட்கிழமை இரண்டாவது முட்டை இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறது என்று தெரிந்தது. மூன்றாவது புதன்கிழமை வர வேண்டும். கொங்கிறீட் வியாழன். இளையவள் திங்கள் பகலே வளையம் இல்லாததைப் பிடித்து, கோழிக்கு மூடும் பிரப்பங்கூடையின் கீழ் விட்டு, தானியமும் தண்ணீரும் வைத்து, கூடையின் மேல் ஒரு கல்லும் வைத்தாள். கூடையைக் கடித்து வெளியே வரும் என்று நினைத்தேன். அது கடித்துப் பார்க்கவே இல்லை. இரண்டு நாளும் அங்கேயே இருந்து கத்தியது. மாமி இரக்கப்பட்டுக் கொய்யாப்பழம் கொடுத்தார்.

புதன்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு எல்லாரும் கூடினோம். மேசன் கைச் சீமெந்தைக் கழுவிக்கொண்டு வந்தார். முதல் சாட்சி நான், இரண்டாவது சாட்சி அவர். மாமா முதலில் கூடைக்குள் பார்த்து, வளையம் இல்லாதது அங்கேயே இருப்பதை உறுதி செய்தார். பிறகு மூடியைத் தூக்கச் சொன்னார். வளையம் போட்டது கோபத்தோடு ஓரத்துக்கு ஒதுங்கியது.

"மூண்டு," என்றார் மேசன். "போடியார், என்ட புள்ளைகள் மேல ஆணை, மூண்டு."

நானும் எண்ணினேன். மூன்று.

மாமா கூடையின் ஓரத்தைச் சற்றுத் தூக்கி அந்த மற்றப் பறவையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது கொய்யாப்பழத் தோலில் நின்றுகொண்டு அவரைப் பார்த்தது.

"அப்ப இவர்தான் மாப்புளயா?"

"ஓம் மாமா."

"ஒரு வேலயும் செய்யல்லயே?"

"இது எங்கட ஊருக் குருவிதான்," என்றார் மாமி. "பொம்புள வீட்ட ஒழுங்காக்கிற, மாப்புள வந்து கம்பில இருக்கிற." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். அவள் சிரித்து முடிக்க நேரமெடுத்தது.

இளையவள் சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பா, வளையம் போட்டவ ஜன்னல் கேட்டிருக்கா."

"நான் மாப்புள கேட்டா எண்டுதான் சொன்ன."

"இல்ல போடியார்," என்றார் மேசன், "வளையம் போட்டவர் கேட்டாலும் எண்டு சொன்னீங்க. நான் பிளேன்டீ குடிச்சிக்கிட்டு இருந்தன்."

மாமா என் பக்கம் திரும்பினார். "மருமகன், நீங்களும் இருந்தீங்கதானே. நான் என்ன சொன்ன?"

ஞாயிறு இதழில் பிழை விட்டவன் நான். குறிப்புப் புத்தகத்தில் பிழை விடவில்லை. பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். "‘இந்தா, காலில வளையம் போட்ட இவர். இவர் கேட்டாலும் வைப்பன்.’ வியாழன், நான்கு முப்பத்தைந்து."

"நேரமும் எழுதின?"

"ஓம் மாமா."

"வீட்டுக்குள்ள நிருபர வச்சிரிக்கிற பிழ என்டதான்," என்றார். பிறகு மேசனைப் பார்த்தார். மேசன் கூரையைப் பார்த்தார். கடைசியில் மகளிடம் திரும்பி, "எங்க வேணும்?" என்றார்.

"செவத்தில காட்டினாத்தானே தெரியும்."

"காட்டு."

"நான் அங்க போகக் கூடாது எண்டுதானே சொன்னீங்க."

மாமா மேசனின் கையாட்களை வாய்க்கால் பக்கம் போய்ப் பீடி குடித்துவிட்டு வரும்படி அனுப்பினார். "வா," என்றார்.

அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மணல் குவியலைச் சுற்றி, கூரையில்லாத வீட்டுக்குள் முதல் தடவையாகப் போனாள். நாங்கள் வாசல் பக்கம் நின்றோம். நான்கு சுவரையும் பார்த்தாள். மேற்குச் சுவரைக் கையால் தட்டினாள். ஒரு கல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். மெஷின் நிற்கும் இடத்தில் குந்தி இருந்து, தையல் துணி பிடிப்பது போல இரண்டு கையையும் நீட்டினாள். மேசன் ஒரு செங்கல் துண்டால் சுவரில் சதுரம் கீறினார்.

"ஒரு அடி இடது பக்கம்," என்றாள்.

மேசன் அழித்துக் கீறினார்.

"இன்னும் கொஞ்சம் பதிவா. நான் நிக்கிற இல்ல, இருக்கிற."

மூன்றாவது தடவை கீறியதை ஒப்புக்கொண்டாள். மாமா திரும்பி வரும்போது, "குசினி நல்லா இரிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"புகை போக ஒரு துவாரம் வேணும் வாப்பா."

"அதயும் கீறுங்க," என்றார் மாமா மேசனிடம்.

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். லவ் பேர்ட்ஸ் இனத்தில் கூடு கட்டும் வேலை பெண்ணுடையது, முன்னைய கட்டுரையின் கடைசிப் பந்தி பிழையானது, வருந்துகிறேன். மூன்று வாரம் கழித்து, விளையாட்டுப் பக்கத்தின் அடியில் இரண்டு வரியாக வந்தது. இளையவள் அந்தப் பக்கத்தையே தேடி எடுத்துக் கம்பிக்கூட்டில் விரித்தாள். அப்போது குஞ்சுகள் பொரித்து, வளையம் போட்டது மறுபடியும் மெத்தை திருத்திக்கொண்டிருந்தது. "வருந்துகிறேன்" இடுப்பில் ஏறியதை நான் பார்க்கவில்லை. மனைவி பார்த்தேன் என்று சொன்னாள். அவள் சொல்வதற்குச் சாட்சி இல்லை.

வயல் வெட்டி முடிந்ததும் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை அக்கரைப்பற்றிலிருந்து ஒரு றேடியோவும் ஒரு பெட்டியும் கொண்டுவந்து இறங்கினார். மெஷின் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, "நல்ல வெளிச்சம். ஆர்ர யோசன இது?" என்று கேட்டார்.

"என்ட," என்றாள் இளையவள்.

ஜன்னல் மூன்றரை அடி அகலம், நான்கு அடி உயரம். மேற்குப் பார்த்தது.